லத்தீனோ உலகத்தைக் காதால் சுற்றிப் பார்ப்பது எப்படி: கேட்பதிலிருந்து பதிவு செய்வது வரை

ஸ்பானிஷ் எனக்கு இன்றைக்கும் சரளமாகப் பேச வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. குடியிருப்பில் எனக்கு இரண்டு பக்கத்து வீட்டிலும் ஸ்பானிஷ்தான், காய்கறிக் கடைக்குப் போனால் ஸ்பானிஷ், முடி வெட்டப் போனால் ஸ்பானிஷ், ஆனாலும் முதல் நான்கு வருஷம் அது எனக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்தது. பேசுகிற எல்லோரையும் 'மெக்சிகோக்காரர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். (நம்மை யாராவது 'மதராசி' என்று அப்படிக் கட்டினால் மட்டும் சுள்ளென்று கோபம் வரும்.) அந்த மூட்டையை அவிழ்த்தது புத்தகமோ படமோ இல்லை, ஒலிக்கதைகள். பாட்காஸ்ட், வானொலி ஆவணம், குடும்பத்துக்குள் பேசிப் பதிவு செய்த உரையாடல், இப்படி எல்லாம் சேர்த்துத்தான் ஒலிக்கதை என்கிறேன்.

இந்த வழிகாட்டியில் முதல் பாதி கேட்பதற்கு, இரண்டாம் பாதி நீங்களே பதிவு செய்வதற்கு. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. இந்த உலகத்துக்குள் ஆங்கிலத்தின் வழியாகப் போகாதீர்கள். ஆங்கிலம் உதவிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு மனிதர் எந்த ஊர்க்காரர், யாருக்கு மரியாதை கொடுக்கிறார், எந்தச் சொல்லில் தடுமாறுகிறார் என்பதெல்லாம் குரலில் இருக்கிறது, மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவதும் அதுதான். தமிழ்க் காதுக்கு அது பிடிபடும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் படி: பெயர்ப் பலகையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

'ஹிஸ்பானிக்' என்றால் ஸ்பானிஷ் மொழியோடு தொடர்புடையவர். 'லத்தீனோ' என்றால் லத்தீன் அமெரிக்காவில் வேர் உள்ளவர். பிரேசில்காரர் பேசுவது போர்ச்சுகீசியம், அதனால் அவர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயினின் மாட்ரிட்காரர் நேர் எதிர். இந்தப் பெயர்களெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க அரசுப் படிவங்களில் வளர்ந்தவை. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் நாடு முழுக்க எல்லாரிடமும் நீங்கள் ஸ்பானிய வம்சாவளியா என்று கேட்டார்கள், 'லத்தீனோ' என்ற சொல் 2000ஆம் ஆண்டுப் படிவத்தில்தான் சேர்ந்தது. 2020 கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தில் விழுந்தவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். அவ்வளவு பேருக்கும் ஒரே 'பண்பாடு' இருக்க முடியுமா என்ன?

ஆகவே ஒரு கதையைக் கேட்கும் முன் மூன்று விஷயங்களை ஒரு துண்டுத் தாளில் குறியுங்கள்: எந்த ஊர், எந்த வருஷம், ஏன் வந்தார்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர் 1917இலிருந்து அமெரிக்கக் குடிமகன், அவருக்கு விசா கிடையாது, எல்லை கிடையாது, வேறு விதமான வலி உண்டு. கியூபாவிலிருந்து வந்த பலருக்கு 1959 புரட்சிதான் பிரிவுக்கோடு. எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர், குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை. டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ சில குடும்பங்கள் எங்கிருந்தும் வரவே இல்லை. 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோ பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தபோது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபடியே நாடு மாறிப்போனது. 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது' என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒருவரிடம் நேரடியாகப் பேசும்போது 'லத்தீனோவா, ஹிஸ்பானிக்கா, லத்தீனெக்ஸா' என்றெல்லாம் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள், முடிந்தது.

இரண்டாம் படி: எங்கிருந்து தொடங்குவது

நூறு நிகழ்ச்சிகள் உண்டு, நூறையும் பட்டியல் போட்டால் நீங்கள் ஒன்றையும் கேட்கமாட்டீர்கள். நான்கு மட்டும் சொல்கிறேன்.

ரேடியோ அம்புலாந்தே. இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். 'அம்புலாந்தே' என்பது தெருத்தெருவாக நடந்து கூவி விற்பவருக்கு அங்கே வழங்கும் பெயர், தள்ளுவண்டி வானொலி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதைத் தொடங்கிய குழுவில் இருவர் டானியேல் அலர்கோன், கரோலினா கெரெரோ. அலர்கோன் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் பிறந்து அமெரிக்காவின் அலபாமாவில் வளர்ந்த நாவலாசிரியர். 2007இல் பிபிசிக்காக, மலைப்பகுதிகளிலிருந்து லிமா நகரத்துக்குப் பெயர்ந்து வந்தவர்களைப் பற்றி ஒரு வானொலி ஆவணம் செய்தார். ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பலரைப் பேட்டி எடுத்துக் கொடுத்தார், ஆனால் ஒலிபரப்பான வடிவத்தில் ஆங்கிலம் பேசியவர்களின் குரல்களே மேலோங்கியிருந்தன. தன் மனதில் நின்ற ஸ்பானிஷ் குரல்கள் எங்கே போயின என்ற அந்த உறுத்தல்தான் பின்னால் நிகழ்ச்சியாக ஆனது. 2012இல் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டி ஆரம்பித்தார்கள், 2016 முதல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் அதை விநியோகித்தது, என்பிஆருக்கு அதுதான் முதல் ஸ்பானிஷ் பாட்காஸ்ட். உங்களுக்கு முக்கியமான தகவல், அவர்கள் தளத்தில் ஸ்பானிஷ் எழுத்துப்படியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கும். நாம் செய்யப்போகும் பயிற்சிக்கு இது பொன் மாதிரி.

லத்தீனோ யுஎஸ்ஏ. ஆங்கிலத்தில் இருக்கும். 1993இல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கியது, 2010இலிருந்து மரியா இனோஹோசா நிறுவிய ஃபுத்தூரோ மீடியா தயாரிக்கிறது. மெக்சிகோ நகரத்தில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர் அவர். வழவழவென்று ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் பெயர் வரும் இடத்தில் மட்டும் அப்படியே ஸ்பானிஷுக்கு மாறி, ஹெச் ஊமையாகி ஜே காற்றாகி, 'இனோஹோசா' என்பார். ஆங்கில வானொலியில் ஒருவர் தன் பெயரைத் தன் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே சொல்வது சின்ன விஷயமாகத் தெரியலாம். வாடிக்கையாளர் அழைப்பில் நம் பெயரை நாமே உடைத்துச் சொல்லிப் பழகிய நமக்கு அது சின்னதில்லை.

இதே குழு பிஆர்எக்ஸ் என்ற பொது வானொலி விநியோக அமைப்புடன் சேர்ந்து செய்த 'சுவாவே' தொடருக்கு 2022இல் புலிட்சர் கிடைத்தது. 17 வயதில் செய்த குற்றத்துக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்ற ஒரு போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞரை இனோஹோசா 1993இல் பென்சில்வேனியா சிறையில் சந்திக்கிறார். அதன்பின் கடிதம், பதிவு செய்த தொலைபேசி அழைப்பு என்று கால் நூற்றாண்டு ஓடுகிறது. 2017இல் அவர் வெளியே வருகிறார், கதை அதற்குப் பிறகும் போகிறது. ஒரே மனிதரின் குரல் வயதாவதைக் காதால் கேட்பது எப்படி இருக்கும் என்று இதைக் கேட்ட பிறகு என்னிடம் சொல்லுங்கள்.

லா ப்ரெகா. போர்ட்டோ ரிக்கோ பற்றியது, 2021இல் வந்தது, நடத்துபவர் அலானா கஸனோவா பர்ஜெஸ். ஒவ்வொரு பகுதியும் ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று என இரண்டாக இருக்கும். 'ப்ரெகா' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை என்று அவர்கள் சொல்வார்கள். நமக்குத் தயாராக இருக்கிறது: சமாளிப்பு. எப்படி இருக்கீங்க என்றால் 'ஏதோ சமாளிச்சிட்டிருக்கேன்' என்கிறோமே, அதுதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிக்கோ அணி அமெரிக்காவின் என்பிஏ நட்சத்திரங்களை 92க்கு 73 என்று கூடைப்பந்தில் வீழ்த்தியது பற்றிய பகுதியை முதலில் கேளுங்கள். கடவுச்சீட்டு அமெரிக்கக் கடவுச்சீட்டு, கொடி வேறு கொடி, இந்தச் சிக்கலை எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்காகப் புரியவைக்காது.

எனிதிங் ஃபார் செலீனா. இதுவும் 2021, இதுவும் இரு மொழியில், செய்தவர் மரியா கார்சியா. 1995இல் 23 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட டெக்சஸ் பாடகி செலீனாவை வைத்துக்கொண்டு, உண்மையில் எல்லைப்புறத்தில் வளர்ந்த பெண்களின் கதையைச் சொல்கிறார். செலீனா வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர், ஸ்பானிஷ் பின்னால் கற்றது. ஒரு பேட்டியில் பதினான்கு என்பதற்கு 'கதோர்சே' என்று சொல்லத் தெரியாமல் 'தியெசிக்குவாத்ரோ', அதாவது 'பத்து நாலு' என்று ஒரு சொல்லைத் தானே உண்டாக்கிவிட்டார். கேலிக்குரிய தவறாக ஆகியிருக்க வேண்டியது, ஸ்பானிஷ் அரைகுறையாக வரும் ஒரு தலைமுறைக்கே செல்லச் சொல்லாக ஆகிவிட்டது. நியூ ஜெர்சியில் வளரும் நம் பிள்ளைகள் 'எழுபது'க்கும் 'எண்பது'க்கும் நடுவில் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் படி: ஒரே கதையை மூன்று தடவை

எழுத்துப்படி உள்ள ஒரு ரேடியோ அம்புலாந்தே கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒன்றும் படிக்காமல் பத்து நிமிஷம் மட்டும் கேளுங்கள். புரியாது, புரியாமல் இருப்பதுதான் வேலை. எத்தனை குரல்கள், யார் வயதானவர், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள், பின்னால் கோழி கூவுகிறதா பேருந்து போகிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவைக்கு முன் ஆங்கில மொழிபெயர்ப்பை முழுதாகப் படித்து மூடிவிட்டுக் கேளுங்கள். மூன்றாம் தடவை ஸ்பானிஷ் எழுத்துப்படியில் கண்ணை ஓட்டிக்கொண்டே கேளுங்கள், எழுத்தில் இருந்து வாயில் விழுங்கப்படும் ஒலிகளை அடிக்கோடிடுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்க ஆசை வரும், வேண்டாம். வேகம் குறைந்தால் பேச்சின் தாளம் போய்விடும், எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பேசுவது மாதிரி ஆகிவிடும்.

வாரத்துக்கு ஒரு கதை போதும். நான் ஆரம்பத்தில் ஒரே வாரத்தில் எட்டுக் கதை கேட்டேன், ஒன்றும் நிற்கவில்லை.

நான்காம் படி: காதுக்கு அடையாளம் சொல்லிக்கொடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். எனக்கு மூட்டை அவிழ்ந்த இடம் இதுதான்.

கரீபியன் பக்கம், அதாவது கியூபா, டொமினிக்கன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோவில் சொல்லின் கடைசி ஸகரம் கரைந்துவிடும். 'லோஸ் அமிகோஸ்' என்பது 'லொஹ் அமிகோ' ஆகும். போர்ட்டோ ரிக்கோவில் அசையின் முடிவில் வரும் ரகரம் லகரத்தை நோக்கி வழுக்கும், தங்கள் தீவையே 'புயெல்தோ ரிக்கோ' என்பவர்கள் உண்டு. அர்ஜென்டினாவின் புயெனோஸ் ஐரெஸ் பக்கம் 'நான்' என்பதற்கான 'யோ'வை 'ஷோ' என்பார்கள். மெக்சிகோ நகரத்துக்காரர் மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல்வார், அதனால் புதிதாகக் கேட்பவருக்கு அவரைப் பிடிப்பது கொஞ்சம் சுலபம்.

அடுத்தது சொற்கள். 'குவாகுவா' என்றால் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பேருந்து, சிலியிலோ பெருவிலோ கைக்குழந்தை. 'குவாகுவாவைத் தவறவிட்டுவிட்டேன்' என்று ஒருவர் சொல்லும்போது அவர் எந்த ஊர் என்று தெரியாவிட்டால் பதறிவிடுவீர்கள். 'அகோரித்தா' என்பது 'இப்போது' என்பதன் செல்லக் குறுக்கம், மெக்சிகோவில் அது இந்த நொடியாகவும் இருக்கலாம், நாளை மறுநாளாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதுகிறார்கள். நாம் 'இந்தா வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள், நமக்கு விளக்கமே வேண்டாம்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லும் இரண்டு காரணங்கள் இங்கே வருகின்றன. ஸ்பானிஷில் ஒற்றை ரகரமும் உருட்டும் ரகரமும் பொருளையே மாற்றும், 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ரகர றகரம் பிரித்துச் சொல்லிக் கொடுத்த தமிழ் வாத்தியாரிடம் குட்டு வாங்கிய காதுக்கு இந்த வேறுபாடு விழும். இரண்டாவது, 'தூ', 'உஸ்தெத்'. நீ, நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிப் போகும், தமிழில் போகாது. போதாக்குறைக்கு அர்ஜென்டினாவிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்' என்று இன்னொரு 'நீ' உண்டு. கொலம்பியாவின் பொகோத்தா பக்கம் நெருங்கிய குடும்பத்துக்குள்ளேயே, அம்மா பிள்ளையைக்கூட, 'உஸ்தெத்' போட்டுப் பேசுவது சகஜம். கதையில் ஒருவர் பாதி வழியில் 'உஸ்தெத்'திலிருந்து 'தூ'வுக்கு இறங்கினால் அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம், ஒன்று நெருக்கம், இல்லை சண்டை. அந்த இடத்தில் ஆங்கில எழுத்துப்படி ஒன்றும் சொல்லாமல் சும்மா இருக்கும்.

சரி, ஸ்பானிஷ் தெரிந்தால் போதுமா என்றால் போதாது. என் பக்கத்து வீட்டு அம்மா குவாத்தமாலாவின் தொதோனிகபான்காரர். அவர் ஸ்பானிஷை நிறுத்தி நிறுத்திப் பேசுவதைக் கேட்டு, எனக்காகத்தான் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் என்று ஒரு வருஷம் நன்றியோடு இருந்தேன். ஒருநாள் தொலைபேசியில் தங்கையிடம் அருவி மாதிரி பேசிக்கொண்டிருந்தார், ஒரு சொல் புரியவில்லை. அது கிச்சே, மாயன் மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷ் அவருக்கும் இரண்டாவது மொழிதான், என்னைப் போலவே. ஹூஸ்டனில் கிச்சே பேசுகிறவர்கள் நிறைய, மக்கள்தொகைக் கட்டத்தில் அவர்களும் 'ஹிஸ்பானிக்'.

ஐந்தாம் படி: பழைய வானொலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பாட்காஸ்டுகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1920களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் விடியற்காலை நான்கு மணிக்கு ஒலிபரப்பு நேரம் மலிவு, அதில் பெத்ரோ கொன்சாலெஸ் என்பவர் 'லோஸ் மத்ருகதோரெஸ்', அதாவது விடியலில் எழுகிறவர்கள் என்ற குழுவோடு பாடினார், வேலை வாய்ப்புச் செய்தி சொன்னார். வயலுக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பும் மெக்சிகோ தொழிலாளிகள் எழுந்திருக்கும் நேரம் அது. பொருளாதார மந்தக் காலத்தில் மெக்சிகோக்காரர்களைக் கும்பல் கும்பலாகத் திருப்பி அனுப்பியதை அவர் கண்டித்துப் பேசினார். 1934இல் பொய்யான பாலியல் வழக்கில் கைதாகி, சான் குவென்டின் சிறையில் ஆறு வருஷம் கிடந்து, 1940இல் நாடு கடத்தப்பட்டார். மைக்குக்கு முன்னால் ஸ்பானிஷ் பேசுவதற்கு இப்படி ஒரு விலை இருந்திருக்கிறது.

அப்புறம் பண்ணைத் தொழிலாளர் வானொலிகள். வாஷிங்டன் மாநிலத்து யாகிமா பள்ளத்தாக்கில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, கிரேஞ்சர் என்ற சிற்றூரில் 1979இல் கேடிஎன்ஏ நிலையம் தொடங்கியது. அந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் 'கதேனா', ஸ்பானிஷில் சங்கிலி. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஊகோ மொராலெஸ் முன்னின்று தொடங்கிய ரேடியோ பிலிங்குவே 1980 ஜூலை 4 அன்று ஒலிக்க ஆரம்பித்தது. மொராலெஸ் மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து வந்த மிக்ஸ்டெக் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை, பண்ணையில் பழம் பறித்து வளர்ந்து ஹார்வர்டில் சட்டம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவர். அந்த வானொலியின் 'மிக்ஸ்டெக் நேரம்' ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, கலிஃபோர்னியா வயல்களில் இருப்பவர்களையும் வஹாகா மலைக் கிராமங்களில் இருக்கும் அவர்கள் வீட்டாரையும் அவர்கள் மொழியிலேயே இணைத்தது. இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துக்குக் காத்திருந்த தலைமுறையிடம் இதை விளக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: பதிவு செய்யும் முன் ஒரு எச்சரிக்கை

2018 ஜூன் 18 அன்று புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் சுமார் எட்டு நிமிஷ ஒலிப்பதிவு ஒன்றை வெளியிட்டது. எல்லைக் காவல் மையத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் அழுகிறார்கள். எல் சால்வடாரைச் சேர்ந்த ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று மனப்பாடமாகத் தெரிந்த தன் சித்தியின் தொலைபேசி எண்ணைச் சொல்லி, ஒரே ஒரு தடவை கூப்பிட விடுங்கள் என்று கெஞ்சுகிறது. குடும்பங்களைப் பிரிப்பது பற்றிய செய்தி பல வாரமாக அச்சில் வந்துகொண்டுதான் இருந்தது. இந்த ஒலி வந்த இரண்டாம் நாள் அந்த நடைமுறையை நிறுத்தும் ஆணையில் அதிபர் கையெழுத்திட்டார். ஒலி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதைக் கேட்டவர்களால் பழையபடி உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இவ்வளவு வலுவுள்ள கருவி உங்கள் சட்டைப்பையில் கைப்பேசியாகக் கிடக்கிறது, அதனால் பயந்து பயந்துதான் தொட வேண்டும். நீங்கள் பேசப்போகும் மனிதருக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ அமெரிக்காவில் தங்குவதற்கான காகிதம் இல்லாமல் இருக்கலாம். அதைக் கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் பதிவை நிறுத்திவிட்டு இது கதைக்குத் தேவையா என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம், குரலே ஓர் அடையாளம், தெரிந்தவர்கள் இரண்டு சொல்லில் கண்டுபிடித்துவிடுவார்கள். கோப்புக்குப் பெயரிடும்போது ஆள் பெயர், தெருப் பெயர் வைக்காதீர்கள். கைப்பேசி தானாகவே மேகச் சேமிப்பில் ஏற்றிவிடும், அதை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், அழித்துவிடுவேன்' என்பதை அவர் மொழியில், அவர் வீட்டு இளையவர் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் தயாராக இருங்கள்.

ஏழாம் படி: பதிவு

பெரிய கருவி தேவையில்லை. கைப்பேசி, கம்பியுள்ள ஒரு சட்டை மைக், காதை மூடும் ஹெட்ஃபோன், இவ்வளவுதான். ஜூம் எச்1என் மாதிரி ஒரு கையடக்கப் பதிவுக்கருவி கடன் கிடைத்தால் நல்லது. வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும், சிரித்தால் எகிறும், அதற்கு இடம் வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இடம்தான் பெரிய தலைவலி. என் முதல் பதிவை அந்தக் குவாத்தமாலா அம்மாவின் சமையலறையில் செய்தேன், அவர் தமால் (சோள மாவை இலையில் மடித்து அவிப்பது) மடித்துக்கொண்டே பேசினார், அருமையான 40 நிமிஷம். வீட்டுக்கு வந்து கேட்டால் அடியில் முழுக்க ஃப்ரிட்ஜ் ரீங்காரம், கழற்றவே முடியவில்லை. அதன்பிறகு ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்லிவிட்டு என் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுகிறேன். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, அதனால் திரும்பப் போட மறக்க முடியாது. வானொலிக்காரர்களின் பழைய தந்திரம் இது. பேச்சு முடிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள், தொகுக்கும்போது ஒட்டுப்போட அதுதான் துணி. இந்த ஒரு நிமிஷத்தில் யாராவது கண்டிப்பாகச் சிரித்துவிடுவார்கள், மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் கேள்வி 'இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' ஒலி அளவு பார்க்க எல்லாரும் கேட்பதுதான், ஆனால் இங்கே அது கதவையும் திறக்கும். 'உங்கள் அடையாளம் பற்றிச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி பதில் வரும். 'ஊரை விட்டுக் கிளம்பிய அன்று கையில் என்ன இருந்தது?', 'அம்மா உங்களைத் திட்டும்போது எந்த மொழியில் திட்டுவார்?', 'உங்கள் பெயரை இங்கே முதலில் தப்பாகச் சொன்னது யார்?' இப்படிக் கேளுங்கள். பதிலுக்கு 'ம், ம்' கொட்டாதீர்கள், தமிழர்களுக்கு இது பெரும் தவம், தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் 'ம்' அவர் குரலின் மேல் ஏறி நிற்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, நீங்கள் கேட்கவே வேண்டாம், மகளை அம்மாவிடம் கேட்க விடுங்கள். ஸ்டோரிகோர் அமைப்பு 2003இலிருந்து செய்வது இதைத்தான்: தெரிந்த இருவர், 40 நிமிஷம், இடையில் மைக், சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். லத்தீனோ குடும்பங்களுக்காகவே 2009இல் 'ஹிஸ்தோரியாஸ்' என்று தனி முயற்சி தொடங்கினார்கள். மகள் ஆங்கிலத்தில் கேட்பாள், அம்மா ஸ்பானிஷில் பதில் சொல்வார், இடையில் ஒரு சொல் இரண்டிலும் அகப்படாமல் இருவரும் நிற்பார்கள். அந்த நிற்றலை வெட்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போனால் சாப்பிட்டு முடித்த பிறகும் மேஜையைவிட்டு எழாமல் பேசும் நேரம் ஒன்று வரும், அதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கருவியை அப்போது எடுங்கள். பேச்சு எப்படியும் பழத்துக்கு வரும், 'மாங்கோ' எங்கள் 'மாங்காய்' போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து உங்களிடம் வந்தது, 'அன்னாசி' தென் அமெரிக்கப் பழங்குடிச் சொல் அதே கப்பலில் எங்களிடம் வந்தது என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அது ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை.

எட்டாம் படி: தொகுப்பதும் தமிழில் குரல் கொடுப்பதும்

ஒலி தொகுக்கும் மென்பொருள்களில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் மலிவு, எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள். 40 நிமிஷத்திலிருந்து 8 நிமிஷம் தேறினால் நல்ல அறுவடை. ஏற்றும்போது மொத்த ஒலியளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அருகே வையுங்கள், அதற்கு மேல் தொழில்நுட்பம் தொடக்கத்தில் தேவையில்லை.

தமிழ்க் கேட்பவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் கஷ்டமான வேலை மொழிபெயர்ப்புக் குரல்தான். மூலக் குரலை மூன்று நான்கு நொடி தனியாக ஓடவிடுங்கள், பிறகு அதைத் தாழ்த்தி மேலே தமிழை ஏற்றுங்கள், முடிவில் தமிழ் நின்றபின் மூலக் குரலின் கடைசிச் சொற்கள் மறுபடி மேலே வரட்டும். தமிழ்க் குரல் நடிக்கக் கூடாது, அழுகை மூலத்தில் இருக்கிறது, நாம் இன்னொரு தடவை அழ வேண்டாம். சிரிப்பு, பெருமூச்சு, பாட்டு, பிரார்த்தனை, இவற்றின் மேல் எதையும் ஏற்றாதீர்கள். 'மீஹோ' வந்தால் 'என் மகனே' என்று பைபிள் தமிழில் போடாமல் 'கண்ணு', 'ராசா' என்று உங்கள் பாட்டி வாயில் வருவதைப் போடுங்கள். பொகோத்தா அம்மா குழந்தையை 'உஸ்தெத்' என்றால் தமிழிலும் 'நீங்க' என்றே வையுங்கள். கேட்பவர் புருவத்தை உயர்த்துவார், உயர்த்தட்டும்.

எந்த வட்டாரத் தமிழில் குரல் கொடுப்பது என்று கேட்பீர்கள். நான் என் மதுரைத் தமிழிலேயே கொடுக்கிறேன், பொதுத்தமிழ் முயன்றபோது அரசு அறிவிப்பு மாதிரி இருந்தது. கரீபியன் குரலுக்கு ஒரு வட்டாரம், மெக்சிகோக் குரலுக்கு இன்னொரு வட்டாரம் என்று பொருத்திப் பார்க்கும் யோசனை வரும், எனக்கும் வந்தது. செய்யாதீர்கள், இரண்டு ஊரையும் கேலி செய்வதாகப் போய் முடியும்.

ஒன்பதாம் படி: திருப்பிக் கொடுங்கள்

வெளியிடும் முன் தொகுத்ததை அவருக்கே போட்டுக் காட்டுங்கள், தமிழ் பாகத்தை வாயால் விளக்குங்கள். வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும் வெட்டாத முழுப் பதிவை ஒரு பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள், அவர்கள் சொத்து அது. அங்கே எழுதி அனுப்புவதைவிடக் குரல்செய்தி அனுப்புகிறவர்கள்தான் அதிகம், 'அவ்தியோ' என்பார்கள், ஆறு ஏழு நிமிஷம்கூடப் போகும். பக்கத்து வீட்டு அம்மா என் பதிவை, ஃப்ரிட்ஜ் ரீங்காரத்தோடு சேர்த்துத்தான், தொதோனிகபானில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. முழுக்கக் கிச்சே, பின்னால் சேவல், யாரோ அடுப்பு ஊதும் சத்தம், நடுவில் தெளிவாக என் பெயர், முதல் எழுத்தே தப்பாக.